வாப்பா அளக்காத பதினேழு வெள்ளிக்கிழமைகள்

காக்கா, அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தில் உம்மா சொல்வதைக் கூட்டாமலும் குறைக்காமலும் உண்மையாக எழுதுவேன் என்று தொடங்கும் முன்னமே சொல்லிக்கொள்கிறேன். உம்மாவின் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, கோடு போட்ட தாள்கூட அவருக்குப் புகை மாதிரித் தெரிவதால், எழுதுவது உங்கள் தங்கச்சியாகிய நான்தான். ஆனால் இதில் "நான்" என்று வருகிற இடமெல்லாம் உம்மா. எனக்கென்று சொல்ல ஏதும் இருந்தால் "எழுதுகிறவள்" என்று போட்டுச் சொல்வேன். உம்மா பேச்சுத் தமிழில் சொல்வதை எழுத்துத் தமிழில் போடுகிறேன். அதைத் தவிர வேறு மாற்றம் செய்யவில்லை. இப்போது அஸர் தொழுது முடிந்துவிட்டது. மாரி மழை இருட்டிக்கொண்டு நிற்பதால் லைட்டைப் போட்டிருக்கிறோம். நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய படிவத்தைச் சந்தியில் உள்ள கடையில் அச்செடுத்து வந்து மேசையில் வைத்திருக்கிறேன். நாளை பகல் பன்னிரண்டு மணிக்கு முன் அது உம்மாவின் கையெழுத்தோடு உங்களுக்கு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். உம்மா சொல்லத் தொடங்குகிறார்.

மகன், நேற்று நீ போனில் கதைத்தபோது உன் குரல் வாப்பாவை அடக்கிவிட்டு வந்த அன்றைக்கு இருந்ததைவிட மெலிந்திருந்தது. "ஒரு கையெழுத்து உம்மா, அவ்வளவுதான். இத்தின வருசப் பாடும் இந்த ஒரு கையெழுத்தில வந்து நிக்கிது" என்றாய். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. படிவத்தை உன் தங்கச்சி இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். நம் வீட்டு வளவுக் கிணறு, கடற்கரைப் பள்ளிவாசல் கிணறு, வயல் கிணறு ஆகிய மூன்றிலும் உப்பு அளந்த திகதிகள் சரி, எழுதிய இலக்கங்கள் சரி, அளந்தது என் வீட்டார்தான் என்று அதில் இருக்கிறது. கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டில் நான் பெயர் எழுதினால் உன் ஆய்வுக் கட்டுரையைச் சஞ்சிகைக்காரர் எடுப்பார்கள். அது வெளிவந்தால் உன் பட்டம் முடியும். பட்டம் முடிந்தால் தகுதிகாண் விரிவுரையாளராக இருக்கிற உன்னைப் பல்கலைக்கழகம் நிரந்தரமாக்கும். எழுதாவிட்டால், உனக்குத் தந்த தவணை வருகிற மாதத்தோடு முடிகிறது. இதெல்லாம் எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கினதால்தான் கையெழுத்துக்குப் பதிலாக இந்தக் கடிதத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ எவ்வளவு பட்டாய் என்பதற்கு நானும் சாட்சி. பள்ளிவாசல் கிணற்றில் உப்பு அளக்கிற, பேனா அளவு மீட்டர் ஒன்றை நனைப்பதற்கு வாப்பா அலைந்த அலைச்சல் உனக்கு நினைவிருக்கும். பள்ளிவாசல் நிர்வாகத்தார், "பிரதேச செயலகத்துக் கடிதம் கொண்டுவாங்க, நாங்க தாறம்" என்றார்கள். செயலகத்தில் இருந்த உத்தியோகத்தர், "கிணறு பள்ளிக்குச் சொந்தம், முதல்ல அவங்கட கடிதத்தக் கொண்டுவாங்க" என்றார். வாப்பா சைக்கிளில் இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் ஒரு போகம் முழுக்கப் போய் வந்தார். விதைத்த நெல் வெட்டுக்கு வந்துவிட்டது, கடிதம் வரவில்லை. கடைசியில் அந்த உத்தியோகத்தர் மாற்றலாகிப் போய், புதிதாக வந்தவர் என்ன ஏது என்று பாராமலே கையெழுத்து வைத்துவிட்டார். அன்றைக்கு வாப்பா வீட்டுக்கு வந்து சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு சொன்னார்: "உப்பு கடலிலிரிந்து கிணத்துக்கு வாறதுக்கு ஒரு கடிதமும் எடுக்கல்ல. அதப் பாக்கப் போறவனுக்குத்தான் ரெண்டு கடிதம்." நீ சிரித்தாய். வாப்பா சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஜும்மாவுக்குக் குளிக்கும் முன் அவர் மூன்று கிணற்றுக்கும் போவார். வந்து கொப்பியில் எழுதுவார். மாதம் முடிய உன் தங்கச்சி படமெடுத்து அனுப்புவாள். நீ அதையெல்லாம் சேர்த்துக் கட்டுரையாக்கி முதலாவது சஞ்சிகைக்கு அனுப்பினாய். அவர்கள் பதினொரு மாதம் வைத்திருந்துவிட்டு இரண்டு வரி எழுதினார்கள். வாப்பா கேட்டார், "என்னவாம்?" "இது எங்கட ஊருக்கு மட்டும் உரிய விசயமாம் வாப்பா" என்றாய். "உப்பு எல்லா ஊரிலயும் உப்புத்தானே மகன்" என்றார். இரண்டாவது இடத்தில், மேற்கோள் எழுதுகிற முறை அவர்கள் முறையில்லை என்று திருப்பினார்கள். நீ ஒரு நோன்பு மாதம் முழுக்க இருந்து புள்ளியையும் காற்புள்ளியையும் மாற்றினாய். மாற்றி அனுப்பிய பிறகுதான் கட்டுரையை வாசித்து, ஆங்கிலத்தை அந்த மொழியில் பிறந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் வாசித்து மதிப்பிட ஆள் கிடைக்கவில்லை என்று அரை வருடம் இழுத்தார்கள். அப்போது என் தம்பி, உன் மாமா, "எனக்கிட்டத் தந்திருந்தா நான் வாசிச்சிருப்பனே, எனக்கென்ன வேல" என்றார். வீடே சிரித்தது. அதுதான் வாப்பா இருந்து இந்த வீடு சேர்ந்து சிரித்த கடைசித் தரம் என்று நினைக்கிறேன்.

எழுதுகிறவள்: இல்லை, அதற்குப் பிறகும் ஒருமுறை சிரித்தோம். நான் மீட்டரைத் தேத்தண்ணியில் நனைத்துப் பார்த்தபோது. உம்மா அப்படியா என்று கேட்டுவிட்டு அதையும் எழுதச் சொன்னார்.

வாப்பா மௌத்தானது உனக்குத் தெரியும். நீ வந்தாய், கபுறடிக்குப் போனாய், அடுத்த நாள் வெள்ளி, மூன்று கிணற்றையும் நீயே போய் அளந்தாய். ஏழாம் நாள் பயணம் வெளிக்கிட்டு நின்றுகொண்டு என்னிடம் சொன்னாய்: "உம்மா, இத மட்டும் விட்டுராதீங்க. ஒரு வெள்ளி விடுபட்டாலும் எல்லாம் உடைஞ்சிடும்." நான் வெள்ளை உடுத்துத் தலையில் முக்காடு போட்டு, இத்தாவில் அறைக்குள் இருக்கிறேன். நான்கு மாதமும் பத்து நாளும் வாசலைத் தாண்ட மாட்டேன் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் நீ கேட்டாய், நான் "ஓம் மகன், நீ யோசிக்காமப் போ" என்றேன். புருசனைப் பறிகொடுத்து ஏழு நாள். உன் முகம் வாப்பாவின் முகம் மாதிரி இருந்தது. அந்த முகத்திடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் முதல் பிழை அது.

வளவுக் கிணற்றுக்கு மதில் மறைப்பு இருந்ததால் அங்கே போனேன். வாளியை நான் அள்ளுவேன், இலக்கத்தை உன் தங்கச்சி வாசிப்பாள். மற்ற இரண்டுக்கும் உன் மாமாவிடம் இரண்டு வெற்றுப் போத்தலைக் கொடுத்துத் தண்ணீர் எடுத்துவரச் சொன்னேன். "மையத்து வீட்டில கத்தம் ஓதிக் கேள்விப்பட்டிரிக்கன், கிணத்துக்குக் காய்ச்சல் பாக்கிறத இப்பதான் கேள்விப்படுறன்" என்று சொல்லிக்கொண்டே போனார். வந்தார். இரண்டு போத்தலிலும் அளவு ஒன்றாக இருந்தது, புள்ளி கூட மாறவில்லை. திரும்பக் கேட்டேன்.

"ரெண்டும் ரெண்டு கிணத்துத் தண்ணியா தம்பி?"

"தண்ணி தண்ணிதானே ராத்தா."

"வயலுக்குப் போனியா இல்லியா?"

"வயலுக்குத் தண்ணி விட்டுப் பாத முழுக்கச் சேறு. பள்ளியடியில ரெண்டையும் ரொப்பிட்டு வந்தன். இத ஆரு குடிக்கப் போறா?"

அவரைக் குறைசொல்ல மாட்டேன். அவருக்குத் தோணி இருக்கிறது, வலை இருக்கிறது, அவருக்கு நாலு பிள்ளை. வேறு ஆளைப் பிடித்திருக்கலாம். ஆனால் இத்தாவில் இருக்கிறவள் கிணற்றைப் பார்த்துவர ஊர் ஆம்பிளைகளுக்குச் சொல்லி அனுப்புகிறாள் என்று இந்தத் தெரு எத்தனை விதமாகக் கதைக்கும் என்று எனக்குத் தெரியும். உன் தங்கச்சிக்கு அப்போது பதின்மூன்று வயது. தோணிக்காரர் நிற்கிற கரைக்கும் ஆள் நடமாட்டமில்லாத வயலுக்கும் குமர்ப்பிள்ளையைத் தனியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

எழுதுகிறவள்: அனுப்பியிருந்தால் நான் போயிருப்பேன். இதை உம்மாவிடம் சத்தமாகச் சொன்னேன். "தெரியும்" என்றார்.

அடுத்த வெள்ளி நான் செய்ததை இனிச் சொல்கிறேன். கொப்பியைப் பிரித்து, முந்திய வருடம் அதே வெள்ளிக்கு வாப்பா எழுதிய பக்கத்தை எடுக்கச் சொன்னேன். வளவுக் கிணற்றுக்கு அன்றைக்கு அளந்ததைப் போடச் சொன்னேன். மற்ற இரண்டுக்கும் முந்திய வருடத்து இலக்கத்தை அப்படியே இறக்கி எழுதச் சொன்னேன். மாமா எடுத்துவந்த வெள்ளியையும் வெட்டி அப்படியே மாற்றினோம். இத்தா முடியும்வரை பதினேழு வெள்ளி. நீ ஒவ்வொரு மாதமும் "ஜஸாக்கல்லாஹ் உம்மா" என்று நன்றிச் செய்தி போடுவாய். தங்கச்சி வாசித்துக் காட்டுவாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எழுதுகிறவள்: இதில் என் பங்கை உம்மா சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டும். இலக்கங்களை இறக்கியது என் கை. முதல் வெள்ளியே நான் கேட்டேன், "உம்மா, அச்சொட்டா ஒரே மாதிரிப் போட்டாத் தெரிஞ்சிருமே, கடைசி இலக்கத்தக் கொஞ்சம் மாத்தவா?" உம்மா அன்றைக்குத்தான் என்னை முறைத்துப் பார்த்தார். "மாத்தாத. அது வாப்பா போய் அளந்தது. அவர்ர இலக்கமாவது உண்மையா இரிக்கட்டும்" என்றார். அப்போது எனக்கு அது நியாயமாகப்பட்டது. வெள்ளிக்கிழமைகளில் அந்த இலக்கங்களை உம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்பார். கேட்கும்போது வாசற்பக்கம் பார்ப்பார், வாப்பா இன்னும் சைக்கிளில் கரைக்குப் போய்க்கொண்டிருப்பதைப்போல. நானும் பார்ப்பேன். காக்கா, நாங்கள் உங்களை ஏமாற்ற நினைத்து அதைச் செய்யவில்லை. ஆனால் ஏமாற்றியிருக்கிறோம்.

இப்போது உன் கட்டுரையை வாசித்தவர், எந்த நாட்டுக்காரரோ, யாரோ, பெயர் தெரியாத அந்த மனிதர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். மூன்று இடத்தில் யாரும் ஒழுங்காக வாசிக்கவில்லை என்று நீ வேதனைப்பட்டாய். நாலாவது இடத்தில் ஒருவர் ஒவ்வொரு இலக்கமாக வாசித்திருக்கிறார். ஒரு கிணறு மாறியிருக்கிறது, மற்ற இரண்டும் பதினேழு கிழமை முந்திய வருடத்தையே திருப்பிச் சொல்லியிருக்கின்றன, எப்படி என்று கேட்டிருக்கிறார். நீ என்னிடம் கேட்காமலே, அது தற்செயல், அளந்தவர் நம்பிக்கையானவர் என்று பதில் எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் அளந்தவரின் கையெழுத்தைக் கொண்டுவா என்று இந்தப் படிவம் வந்திருக்கிறது. உன் வாப்பாவிடம் கேட்டதைப் போலத்தான்: கடிதத்துக்கு ஒரு கடிதம். ஆனால் இந்த முறை கேட்டவர் கேட்டது சரி.

மகன், அந்த நான்கு மாதமும் வானம் ஒரு துளி தரவில்லை. வளவுக் கிணற்றில் உப்பு ஏறிக்கொண்டே போனது. காய்ச்சிய பால் திரைந்தது, பயறு எவ்வளவு அவித்தாலும் வேகவில்லை, தலை முழுகினால் முடி கயிறு மாதிரி ஆனது. நீ இத்தனை வருடமாக நிரூபிக்கப் பார்த்தது அந்த நான்கு மாதத்தில்தான் நம் கண்முன் நடந்தது. கரைக் கிணற்றிலும் வயல் கிணற்றிலும் அது எவ்வளவு ஏறியதோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நான் அதன்மேல் முந்திய வருடத்து நல்ல தண்ணீரை எழுதி மூடிவிட்டேன். முதல் தரம் அனுப்பியபோது அவர்கள் ஊர்க்கதை என்றார்கள். இந்தத் தரம் அனுப்பியபோது, உப்பு ஏறுகிறது என்பது தெளிவாகத் தெரியவில்லை என்று ஒரு குறை எழுதியிருந்தார்களாமே. அது தெளிவில்லாமல் போனது என்னால். இனிப் போய் அளக்கலாம் என்றால், பள்ளிவாசலில் குழாய்த் தண்ணீர் எடுத்து அந்தக் கிணற்றை மண்போட்டு நிரவிவிட்டார்கள். வயல் கிணறு போன மாரியில் இடிந்து உள்ளே போய்விட்டது. போன நான்கு மாதத்தைத் திரும்ப அளக்க எந்த மீட்டரும் இல்லை.

எழுதுகிறவள்: போன கிழமை எங்கள் விஞ்ஞான ஆசிரியையிடம், பெயர் சொல்லாமல், ஒரு பரிசோதனையில் சில நாள் அளக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர், "வெறுமையா விட்டுட்டு, அளக்கல்லண்டு கீழ ஒரு வரி எழுது. தெரியாததத் தெரியாதெண்டு எழுதினா ஒருத்தரும் அடிக்கமாட்டாங்க புள்ள" என்றார். ஒரு வரி. அதை வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். உம்மா அன்று பகல் சாப்பிடவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒன்று கேள். நீ "விடக்கூடாது" என்றபோது நான் "முடியாது மகன்" என்று சொல்லியிருக்க வேண்டும். நீயும் என்னால் முடியுமா என்று ஒரு தரம் யோசித்திருக்க வேண்டும். உன் மேலே இருக்கிறவர்கள் உன்னை நெருக்கினார்கள், நீ என்னை நெருக்கினாய், நான் இந்தக் கொப்பியை நெருக்கினேன். உனக்கு ஒரு நாள் மாணவர் இருந்தால், அவர்களிடம் வெறுமையான கட்டத்தையும் வாங்கிக்கொள் என்று சொல்ல நினைத்தேன். பிறகு யோசித்தால், உனக்கு மாணவர் இருக்கப்போகிறார்களா என்பதே இந்தக் கடிதத்தோடு முடிகிற விசயம். இதைச் சொன்னதால் அவர்கள் உன்னை மன்னிப்பார்கள் என்றோ, தவணை தருவார்கள் என்றோ நான் நினைக்கவில்லை. இலக்கங்களை நீதான் இட்டுக்கட்டி எழுதிக்கொண்டாய் என்றுதான் சொல்வார்கள். நானும் துஆ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எதைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

எழுதுகிறவள்: உண்மையாக எழுதுவேன் என்று முதல் வரியில் சொன்னதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. காக்கா, நேற்று உம்மாவோடு கதைத்த பிறகு நீங்கள் எனக்கு வேறாகப் போன் எடுத்தீர்கள். "உம்மாட கையெழுத்து உனக்குத் தெரியுந்தானே, என்ர தங்கம். பாடசாலைக் கடிதமெல்லாம் நீதானே வைக்கிறாய். நீ வச்சு அனுப்பு. உம்மாக்குச் சொல்லத் தேவல்ல" என்றீர்கள். நான் போனை வைத்துவிட்டேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் என் கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் மூன்று தரம் வைத்துப் பார்த்தேன். மூன்றும் உம்மாவுடையதைப் போலவே இருந்தன, மூன்றாவது உம்மாவுடையதைவிட நன்றாக இருந்தது. படிவத்தில் வைத்தால் யாருக்கும் தெரியாது. எழுதியதை இப்போது உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

இனி முடிவுவரை எழுதுகிறவள்தான் சொல்கிறேன். மழை ஓட்டில் விழத் தொடங்கியிருந்தது. உம்மா, "அவன் அப்படிக் கேட்டானா" என்றார். ஓம் என்றேன். "அழுதானா?" தெரியாது என்றேன். "அந்தக் கணிதக் கொப்பியக் கொண்டுவா" என்றார். மூன்று கையெழுத்துள்ள தாளைக் கிழித்துக் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார், விரலால் தடவினார். "எவ்வளவு வடிவா வருது உனக்கு" என்றார். அவர் ஏசவில்லை. அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு வாப்பாவின் கொப்பியை எடுக்கச் சொன்னார். இத்தாவில் எழுதிய பதினேழு வெள்ளியையும் தேடி, கரைக் கிணறு, வயல் கிணறு என்ற இரண்டு கட்டத்திலும் உள்ள இலக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் "அளக்கவில்லை" என்று எழுதச் சொன்னார். வளவுக் கிணற்றுக் கட்டத்தைத் தொட வேண்டாம் என்றார். முப்பத்து நான்கு தரம் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் உம்மா, "எழுதிட்டியா?" என்று கேட்டார், நான் ஓம் என்றேன். வெட்டிய இலக்கங்கள் அதற்கு முந்திய வருடத்துப் பக்கத்தில் வாப்பாவின் கையெழுத்தில் அப்படியே இருக்கின்றன. அவை அவர் போய் அளந்தவை.

உம்மா இந்தக் கடிதத்தின் அடியில் தன் கையாலேயே கையெழுத்து வைத்திருக்கிறார். கோட்டைத் தாண்டி மேலே ஏறிப் போயிருக்கிறது, கடைசி எழுத்து தாளுக்கு வெளியே மேசைவிரிப்பில் கிடக்கிறது. படிவத்தின் கோடு வெறுமையாகத்தான் இருக்கிறது. கடிதத்தையும் பதினேழு வெள்ளியின் பக்கங்களையும் படமெடுத்துவிட்டேன், இதை முடித்தவுடன் அனுப்புவேன். "இனி அவனுக்கு என்ன இரிக்கி புள்ள?" என்று உம்மா கேட்டார். தெரியாது என்று சொன்னேன். மழை விட்டு, ஜன்னலில் மஃரிபுக்கு முந்திய வெளிச்சம் கொஞ்சம் வந்திருக்கிறது, எழுத அது போதும். உம்மா எழுந்து, சுவரைத் தடவிப் போய், லைட்டை அணைத்துவிட்டார்.